போத்தலில் இருக்கும் அப்பாவின் பெயர்

லண்டனில் எங்கள் ஓஃப் லைசன்ஸ் என்கிற மதுக்கடையில், கல்லாவுக்குப் பின்னால் உள்ள மேல்தட்டில், லெபனான் வைன் எப்போதும் வைத்திருப்பேன். ஷத்தோ முஸார். விலை முப்பது பவுண்டுக்கு மேல். எங்கள் தெருவில் அந்தக் காசுக்கு ஆட்கள் விஸ்கிதான் வாங்குவார்கள். வைன் என்றால் ஏழு, எட்டுப் பவுண்டுப் போத்தல், அதுவும் வெள்ளிக்கிழமை பின்னேரம். ஆனாலும் முஸார் முடிந்தால் அடுத்த கிழமையே மறுபடி எடுத்துவிடுவேன். இது ஏன் இங்கே என்று கேட்கிறவர்களுக்குக் கல்லாவில் நின்றபடி சொல்லி முடிக்க முடிவதில்லை, பின்னால் வரிசை நிற்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த லேபிளில் வைனின் பெயரோடு ஒரு மனிதரின் பெயரும் இருக்கும்: காஸ்தோன் ஹோஷார். இந்த வைன் ஆலையை 1930-ல் தொடங்கியவர். அப்போது அவருக்கு வயது இருபது. பிரான்ஸில் வைனுக்குப் பேர்போன போர்டோவில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு லெபனானுக்குத் திரும்பி வந்து, பெய்ரூட்டுக்கு வடக்கே கடலைப் பார்த்தபடி இருக்கும் கஸீர் என்ற மலையூரில், 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றின் நிலவறைகளில் வேலையை ஆரம்பித்தார். முஸார் என்பது அந்தக் கோட்டையின் பெயரிலிருந்து வந்தது.

லெபனானுக்கு வைன் புதிதல்ல. பண்டைக் காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்த பினீசியர்கள் கப்பலில் ஏற்றி விற்ற சரக்கு அது. பெக்கா பள்ளத்தாக்கில் பால்பெக் என்ற ஊரில் ரோமானியர்கள் வைன் தெய்வமான பாக்கஸுக்குக் கட்டிய கோயில் இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிறது. அதே பள்ளத்தாக்கில் இயேசு சபைப் பாதிரிமார் 1857-இலேயே க்ஸாரா என்ற ஆலையைத் தொடங்கியிருந்தார்கள். காஸ்தோன் தொடங்கிய காலம் பிரெஞ்சு ஆட்சிக் காலம். நாடு முழுக்கப் பிரெஞ்சு அதிகாரிகளும் படையினரும் இருந்ததால் நல்ல வைனுக்கு வாங்க ஆள் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது லெபனானில் பணியில் இருந்த மேஜர் ரொனால்ட் பார்ட்டன் அவருக்கு நண்பரானார். பார்ட்டன் குடும்பத்துக்குப் போர்டோவில் பேர் பெற்ற தோட்டங்கள் இருந்தன. காஸ்தோன் தன் இரண்டாவது மகனுக்கு ரொனால்ட் என்றே பெயர் வைத்தார்.

இந்தக் குடும்பத்தின் கதை முழுவதையும் தீர்மானித்த ஒரு விஷயம் உண்டு. ஆலை ஓர் இடம், தோட்டம் வேறோர் இடம். கஸீர் கடற்கரைப் பக்க மலையில் இருக்கிறது. திராட்சை விளைவது லெபனான் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் உள்ள பெக்காவில். பழத்தைப் பறித்து, லொறியில் ஏற்றி, மலையைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். நாட்டின் எல்லை எங்கே விழும், பெக்கா எந்தப் பக்கம் போகும் என்று நிச்சயமில்லாத காலத்தில், ஆலையாவது லெபனானுக்குள் இருக்கட்டும் என்று காஸ்தோன் நினைத்தார் என்று சொல்வார்கள். சமாதான காலத்தில் சில மணி நேரப் பயணம். சமாதானம் இல்லாத காலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1959-ல் மூத்த மகன் செர்ஜ் ஆலைக்கு வந்தார். சிவில் எஞ்சினியரிங் படிக்கப் போனவர், வைன் பக்கம் திரும்பி, போர்டோ பல்கலைக்கழகத்தில் எமில் பெய்னோ போன்ற பெரிய ஆசிரியர்களிடம் படித்தவர். வந்தவர் அப்பாவிடம் வைத்த நிபந்தனையைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்: வைனை நான் என் விருப்பப்படிதான் செய்வேன், அது உலகம் முழுக்கத் தெரிய வேண்டும், நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும்.

செர்ஜ் ஹோஷாரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அநேகமான கட்டுரைகளில் இந்த இடம் ஒரு துணிச்சலான இளைஞனின் கதையாக வரும். நான் எப்போது படித்தாலும் மனம் போவது மற்றவரிடம். அந்த அப்பா ஒன்றுமில்லாத இடத்தில் கட்டிய தொழில் அது. முப்பது வருடமாக நடத்தி வந்தது. நன்றாகவும் போய்க்கொண்டிருந்தது. இருபது வயதுப் பிள்ளை வந்து எழும்புங்கள் என்கிறான். சரி என்று எழும்பிவிட்டார். தானும் இருபதில் தொடங்கியவர் என்பதால் அந்த வயதின் வேகம் அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். எது எப்படியோ, முஸாருக்காக யாரையாவது கும்பிட வேண்டுமென்றால் என் கை முதலில் காஸ்தோனுக்குத்தான் எழும்பும்.

அவர் விலகியதால் என்ன நடந்தது? செர்ஜ் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடவில்லை. எந்தத் திராட்சை, எவ்வளவு, எந்தத் தோட்டத்திலிருந்து, எத்தனை மாதம் பீப்பாவில் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். சிவப்பு வைன் இப்படித்தான் என்று மனம் அமைந்தது 1977-ல். பதினெட்டு வருடம். இன்றைக்கு எந்த நிறுவனத்தில் ஒருவருக்குப் பதினெட்டு வருடம் கொடுப்பார்கள்? குடும்பத் தொழிலில்தான் அது நடக்கும், அதுவும் எல்லாக் குடும்பத்திலும் நடக்காது. 1962-ல் தம்பி ரொனால்ட் கணக்கு வழக்கையும் விற்பனையையும் ஏற்றுக்கொண்டார். அண்ணன் நிலவறையில் நின்றார்.

அப்படி வந்த முறை இதுதான். கபர்னே சோவிஞோன், சின்சோ, கரினியான் என்று மூன்று திராட்சை. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சீமெந்துத் தொட்டியில் நொதிக்கும். வெளியிலிருந்து ஈஸ்ட் போடுவதில்லை, பழத்தோடு வருவதுதான். பிறகு ஒரு வருடம் பிரெஞ்சு ஓக் பீப்பாவில். பிறகுதான் மூன்றையும் கலப்பார்கள். மூன்றாவது வருட முடிவில் போத்தலில் அடைத்து, போத்தலோடு நாலு வருடம் நிலவறையில் போட்டுவிடுவார்கள். பறித்த பழம் கடைக்கு வர ஏழு வருடம். வடிகட்டுவதில்லை, கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகமும் மிகக் குறைவு. வியாபாரக் கண்ணால் பார்த்தால் இது தலை சுற்றும் கணக்கு: ஏழு வருடச் சரக்கு, அத்தனை காசு, இருட்டில் கிடக்கிறது. கடைக்காரன் என்ற முறையில் அந்தத் தைரியத்தின் பாரம் எனக்குத் தெரியும்.

அந்த ஏழு வருடச் சரக்கின் மேல்தான் போர் வந்து விழுந்தது.

1975 ஏப்ரலில் லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1990 வரை ஓயவில்லை. வாங்கிக் குடித்த உள்ளூர்ச் சந்தை ஒரேயடியாகக் காணாமல் போனது. 1976-ல் வைன் செய்யவே முடியவில்லை. மற்ற வருடங்களில் அறுவடைக் காலம் வந்ததும் பெக்காவில் பெதுயீன் என்ற நாடோடி இன மக்கள் பழம் பறித்தார்கள், சாரதிகள் லொறியை எடுத்தார்கள். பெய்ரூட்டிலிருந்து டமாஸ்கஸ் போகும் மலைப் பாதையில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு படையின் கையில். ஒவ்வொரு சாவடியிலும் இறக்கி ஏற்றி விசாரணை. 1983-ல் அந்தப் பாதையைச் சுற்றிய மலைகளிலேயே பெரும் சண்டை நடந்தது. அடுத்த வருடம், 1984-ல், லொறிகள் நேர்வழி இல்லாமல் சுற்றிப் போய் நாள்கணக்கில் வழியில் நின்றன. ஆலைக்கு வந்து சேருமுன்னே லொறியில் இருந்த பழம் நொதிக்கத் தொடங்கிவிட்டது.

வெயிலில் நிற்கும் லொறியில் அடியில் உள்ள பழம் நசிந்து, சாறு ஒழுகி, தானாகவே பொங்கத் தொடங்கும்போது எழும்புகிற மணம் எனக்குத் தெரியும். எங்கள் பெரியப்பாவுக்குக் கோப்பாய்ப் பக்கம் முந்திரிகைத் தோட்டம் இருந்தது. திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பந்தல் போட்டு வளர்ப்பது, பெரும்பாலும் இஸ்ரேல் புளூ என்ற கறுப்பு வகை, சாப்பிடுகிற பழம். கொழும்புக்குப் போகிற சரக்கு. 1990-ல் சண்டை மறுபடி தொடங்கி ஆனையிறவோடு பாதை மூடியதும் பழம் போக வழியில்லை. பிறகு தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெயும் இல்லை. அடுக்கிய பெட்டிகளுக்குள்ளிருந்து அந்த மணம் வந்ததும், பெரியம்மா பெட்டிகளைத் திறந்து நல்லதைப் பிரித்து அயலுக்குக் கொடுத்ததும் ஞாபகம். அதனால் 1984 லொறிகளின் கதையை முதன்முதல் படித்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

கஸீர் நிலவறைகள் அந்த வருடங்களில் ஊர்ச் சனத்துக்குப் பங்கராகவும் இருந்தன. ஷெல் விழும்போது ஆட்கள் ஓடிவந்து பீப்பாக்களுக்கும் போத்தல்களுக்கும் நடுவே இருந்திருக்கிறார்கள். காஸ்தோன் வைனுக்காகத் தேர்ந்தெடுத்த தடித்த கல்சுவர்கள் அயலவரைக் காத்தன. எனக்கு அந்த ஆலையைப் பற்றித் தெரிந்ததில் மிகப் பெரிய விஷயம் இதுதான், வைனை விடவும்.

செர்ஜ் நாட்டை விட்டுப் போகவில்லை. போயிருக்கலாம். பிரெஞ்சு தெரியும், படிப்பு இருந்தது, போர்டோவில் எந்த ஆலையும் அவரை ஏற்றுக்கொண்டிருக்கும். பெய்ரூட்டில் ஷெல் அடி கடுமையாக இருந்த ஒரு நாளில், பங்கருக்கு இறங்காமல் தன் வீட்டிலேயே இருந்து, ஒரு போத்தல் முஸாரைப் பெரிய கிளாஸில் ஊற்றி, மணித்தியாலத்துக்கு ஒரு மிடறாக நாள் முழுக்கக் குடித்து, அது எப்படி மாறிக்கொண்டே போகிறது என்று கவனித்ததாகச் சொல்லியிருக்கிறார். சிலருக்கு இது வீம்பாகப் படலாம். ஷெல் விழுகிற இரவில் கையில் ஒரு வேலை வைத்திருக்கிறவனுக்குத்தான் விடியும் என்பது அப்படியான இரவுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா அப்படியான இரவுகளில் அரிசி பொறுக்குவா.

உள்ளூரில் விற்க முடியாமல் போனதால்தான் முஸார் இங்கிலாந்துக்கு வந்தது. 1979-ல் பிரிஸ்டலில் நடந்த உலக வைன் சந்தையில் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தின் மைக்கல் பிராட்பென்ட், முஸாரின் 1967 சிவப்பைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, இந்தச் சந்தையின் கண்டுபிடிப்பு இதுதான் என்றார். அந்த ஒரு சொல் கதவைத் திறந்தது. 1984-ல் டிகாண்டர் என்ற வைன் இதழ் ஆண்டின் சிறந்த மனிதர் என்ற விருதை முதன்முதலாக ஆரம்பித்தபோது, அது செர்ஜுக்குப் போனது. லொறிகள் வழியில் நின்ற அதே வருடம்.

நான் முஸாரை முதலில் சுவைத்தது கடை நடத்தத் தொடங்கிய பிறகு, மாலை வகுப்பில் வைன் படித்த காலத்தில். எங்கள் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்ததில்லை. நெற்றியில் திருநீறோடு பியர் பெட்டி அடுக்குவார். எந்தப் போத்தல் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அது தெரியாமல் விற்கப் பிடிக்கவில்லை. மேல்தட்டைக் காலி செய்து நல்ல வைன் வைக்கப் போகிறேன் என்றதும், "உந்த விலைக்கு இஞ்ச ஆர் தம்பி வாங்குவினம்?" என்றார். பிறகு ஒரு கிழமை கழித்து, நான் ஒன்றும் கேளாமலே, "சரி, மேல்தட்டு உன்ர. நீ பார்" என்றார். அந்தத் தட்டை அவர் அதற்குப் பிறகு கணக்குக் கேட்டதில்லை. காஸ்தோன் ஹோஷாரின் கதை எனக்குள் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்று இப்போது விளங்கியிருக்கும்.

வைன் எப்படி இருக்கும் என்று சொல்லாமல் விடக்கூடாது. பதினைந்து வருடம் போன ஒரு போத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் போத்தலின் தோள்பட்டை உட்பக்கம் கருஞ்சிவப்பாக மண்டி ஒட்டியிருக்கும். கோர்க் சில வேளை பாதியில் உடையும், பொறுமையாக இழுக்க வேண்டும். ஊற்றினால் சிவப்பு விளிம்பில் செங்கல் நிறமாக இளகித் தெரியும். முதல் மணம் எல்லோருக்கும் பிடிக்காது: தோல், மாட்டுத் தொழுவம், லேசான விநாகிரிக் காரம். அரை மணி நேரம் பொறுத்தால் காய்ந்த செரி, கறுவா, அத்திப்பழம் என்று ஒவ்வொன்றாக வரும். அந்த விநாகிரிக் காரத்தை வைத்து இதைப் பழுதான வைன் என்று சொல்லும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆய்வுகூடக் கணக்கில் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. போத்தலுக்குப் போத்தல் வித்தியாசமும் உண்டு. வாங்குகிறவரிடம் இதையெல்லாம் முதலே சொல்லிவிடுவேன். ஆனால் ஒழுங்காகச் சீவி மினுக்கிய நூறு வைன்களை விட எனக்கு இது பெரிது. அந்த வருட வெயிலும் மழையும் வழியும் அப்படியே உள்ளே கிடக்கிறது, எதையும் திருத்தி எழுதவில்லை.

செர்ஜ் 2014 டிசம்பர் 31 அன்று மெக்சிகோவில், அகபுல்கோ கடலில் குளிக்கப் போனபோது இறந்துபோனார். வயது 75. போரெல்லாம் தாண்டிய மனிதர்.

இப்போது ஆலையை நடத்துவது அவருடைய மூத்த மகன். பெயர் காஸ்தோன் ஹோஷார். தாத்தாவின் பெயரேதான். 1993-லிருந்து ஆலையில் இருக்கிறார். தம்பி மார்க் நிதித்துறையில் இருந்துவிட்டு 2010-ல் வந்து சேர்ந்து, வெளிநாடுகளுக்கு வைனை எடுத்துச் செல்கிறார். ரொனால்டின் மகன் ரால்ஃபும் கூட நிற்கிறார். தொட்டியடியில் 1991-லிருந்து தாரக் சக்ர் என்பவர், குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து செர்ஜிடமே கற்றவர். 2006-ல் லெபனானிலேயே முதலாவதாக இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் பெற்றதும் இந்தத் தோட்டங்கள்தான். கொஞ்சம் மலிவாக ஒரு வைனும் செய்கிறார்கள். அதன் பெயர் 'ஹோஷார் தந்தையும் மகனும்' என்று பிரெஞ்சில் இருக்கும். முஸாரைப் பார்த்து விலைக்குத் தயங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் எடுத்துக் கொடுப்பது.

குடும்பத் தொழில் வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் பலர், அப்பா விட்ட இடத்தில் அப்படியே வைத்திருப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறார்கள். அப்பா போட்ட பெயர்ப்பலகை, அப்பா வாங்கிய குளிரூட்டி, அப்பா கொடுத்த விலைப்பட்டியல். செர்ஜ் அப்பாவின் வைனில் ஒன்றையும் அப்படியே விடவில்லை. கலவையை மாற்றினார், காலத்தை மாற்றினார், வாங்குகிற நாடுகளையே மாற்றினார். மாற்றாமல் விட்டவை மூன்று: பெக்கா மண், கஸீர் நிலவறை, லேபிளில் அப்பாவின் பெயர். தன்னைத்தான் உலகம் கொண்டாடுகிறது என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயருக்குப் பதில் தன் பெயரைப் போடவில்லை. பேரன்களும் செர்ஜின் கலவையோடு அப்படியே நடக்கிறார்கள், அதே ஏழு வருடம், அதே மூன்று திராட்சை.

லெபனானுக்கு நிம்மதி இன்னும் வந்தபாடில்லை. 2019-ல் வங்கிகள் கதவைச் சாத்தின, பவுண் பவுணாகச் சேர்த்தவர்களின் காசு உள்ளே சிக்கிக்கொண்டது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. 2024-ல் பெக்காவின் மேலேயே குண்டு விழுந்தது. வாடிக்கையாளர் ஒருவர், துறைமுகம் வெடித்த வருடத்து முஸார் இருக்கிறதா என்று அண்மையில் கேட்டார். ஏழு வருடக் கணக்கைச் சொன்னேன்: 2020 சிவப்பு வெளியே வருவது 2027-ல். அவருடைய பெயரைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் வேண்டுமென்றால் கடைக்கு வந்து சொல்லுங்கள். வாங்கினால் குடிக்கிறதுக்கு முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். குளிரூட்டியில் வைக்க வேண்டாம். ஊற்றியதும் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் பொறுங்கள். ஆட்டிறைச்சிக் கறியோடு நன்றாகப் போகும், உறைப்பை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சமையுங்கள்.